அய்ஷ்: எகிப்தின் ரொட்டியும் ஏழையின் பருமனும்

எகிப்தியர் ரொட்டியைக் ‘குப்ஸ்’ என்று சொல்வதில்லை, ‘அய்ஷ்’ என்பார்கள். அய்ஷ் என்றால் வாழ்வு. வளைகுடா நாடுகளில் வேலை செய்து வந்த நம்மவர்களிடம் இதைச் சொன்னால் மறுப்பார்கள். அவர்கள் கேட்டுப் பழகிய அய்ஷ் சோறு. இரண்டும் சரிதான். எதைத் தின்று உயிரோடு இருக்கிறார்களோ அதற்கு அந்தந்த மக்கள் அப்பெயரை வைத்துக்கொண்டார்கள். எகிப்தில் அது ‘அய்ஷ் பலதி’. வட்டமானது, தவிடு ஒட்டியது, உள்ளே பைபோல் வெறுமையானது. நம் பேக்கரிப் பாணோடு உருவத்தில் அதற்கு எந்த உறவும் இல்லை. அரசியலில் உறவு உண்டு. அந்த ரொட்டியின் பின்னால் போனால், ஏழைகளின் உடம்பு பருத்த கதையில் ஒரு பகுதியாவது விளங்கும் என்று எனக்குப் படுகிறது.

பருமனைப் பணக்காரரின் அடையாளமாகவே நாம் வழிவழியாகப் பார்த்து வந்திருக்கிறோம். நம் பேச்சிலேயே அது இருக்கிறது. ஒருவர் சதை வைத்தால் ‘ஆள் இப்ப நல்லா இருக்கிறார்’ என்கிறோம். மெலிந்தவரைக் கண்டால் ‘என்ன, வருத்தமா?’ என்று கேட்கிறோம். விஞ்ஞானமும் நெடுநாள் இதற்கு மாறாக எதுவும் சொல்லவில்லை. 1989இல் சோபல், ஸ்டங்கார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த 144 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அபிவிருத்தி அடைந்துவரும் நாடுகளில் வசதி கூடக்கூட உடம்பும் கூடுகிறது என்பதும், ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரிடமும் அப்படித்தான் என்பதும் அவர்களது முடிவு. செல்வந்த நாடுகளின் பெண்களிடம் மட்டும் அது தலைகீழாக இருந்தது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2004இல், பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொண்டெய்ரோவும் அவருடைய சகாக்களும் அதே கேள்வியை மறுபடி எடுத்தார்கள். அதற்குள் நிலைமை மாறியிருந்தது. ஒரு நாட்டின் தலா வருமானம் உயர உயரப் பருமன் ஏழைகளின் பக்கம் நகர்வதை அவர்கள் கண்டார்கள். அந்த நகர்வு ஆண்களுக்கு முன்னால் பெண்களிடம் நிகழ்ந்தது. தலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 2500 டொலர் என்ற மட்டத்திலேயே ஏழைப் பெண்கள் வசதியான பெண்களை மிஞ்சத் தொடங்கினார்கள். 2500 டொலர் ஒரு செல்வந்த நாட்டின் வருமானம் ஆகாது. அப்படியானால் பணம் வந்து சேரும் முன்னரே பருமன் வந்து சேர்ந்தது எப்படி?

இந்தக் கேள்வியோடு எகிப்துக்குப் போவதற்குக் காரணம் உண்டு. உலகில் வேறெங்கும் ரொட்டியின் விலையையும் மக்களின் பசியையும் இவ்வளவு நீண்ட காலம் எழுத்தில் வைத்தவர்கள் குறைவு. அதில் பெரும்பகுதியை எழுதியவர்கள் நம் ஆலிம்கள்.

அல் மக்ரீஸி (1364 – 1442) கெய்ரோவின் முஹ்தஸிபாக இருந்தவர். சந்தைகளில் நிறையும் விலையும் தரமும் சரியா என்று பார்ப்பது அப்பதவியின் வேலை. 1405 அளவில் அவர் எகிப்தின் பஞ்சங்களைப் பற்றி ‘இகாஸதுல் உம்மா’ என்ற சிறுநூலை எழுதினார். மௌலவி நண்பர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அதன் சில பகுதிகளை வாசித்தேன். பாத்திமிய கலீபா அல் முஸ்தன்ஸிரின் காலத்தில், ஹிஜ்ரி 457 முதல் ஏழாண்டுகள் நீடித்த பெரும் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு பெண் வருகிறாள். செல்வந்தக் குடும்பத்தவள். ஆயிரம் தீனார் பெறுமதியான கழுத்து மாலை ஒன்றை எடுத்துக்கொண்டு மாவுக்காக அலைகிறாள். வாங்குவார் இல்லை. கடைசியில் ஒருவன் இரங்கி ஒரு மூடை மா கொடுக்கிறான். வழியில் காவலுக்கு வந்தவர்களுக்கு ஒரு பங்கு போகிறது. நகர வாசலை அடைந்ததும் சனம் பாய்ந்து மிச்சத்தைப் பறிக்கிறது. அவளும் முண்டியடித்துத் தன் மாவிலேயே ஒரு கைப்பிடி அள்ளிக்கொள்கிறாள். அதைச் சுட்டு ரொட்டியாக்கி, அரண்மனை வாசலில் உயரமான இடத்தில் ஏறி நின்று கையில் தூக்கிக் காட்டுகிறாள். கலீபாவின் புண்ணியத்தில் இந்த ஒரு ரொட்டி எனக்கு ஆயிரம் தீனாருக்குக் கிடைத்தது, பாருங்கள் என்று சத்தமிடுகிறாள். செய்தி கலீபாவின் காதுக்குப் போன பிறகுதான் பதுக்கிய தானியம் வெளியே வந்தது என்கிறார் மக்ரீஸி.

அரசனிடம் நீதி கேட்கப் போனவள் கையில் ஏந்திய பொருள் ஒரு ரொட்டி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். மக்ரீஸி பஞ்சத்துக்கு நைல் நதியை மட்டும் குற்றஞ் சொல்லவில்லை. பதவிகளை விலைக்கு விற்றது, நிலக்குத்தகையை ஏற்றியது, செப்புக் காசை அளவின்றி அடித்து விட்டது என்று ஆட்சியின் பிழைகளை அடுக்கினார். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சந்தை அதிகாரி இப்படி எழுதியது சாதாரண விடயமில்லை.

1200 முதல் 1202 வரை நைல் வற்றியபோது எகிப்தில் இருந்த வைத்தியர் அப்துல் லதீப் அல் பக்தாதி, மனிதன் மனிதனைத் தின்றதை எழுதி வைத்திருக்கிறார். பட்டினியால் இறந்தோரின் எலும்புக் குவியலைக் கிண்டிப் பார்த்துத்தான், மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று கண்டு, இரண்டு என்று சொன்ன கலேனைத் திருத்தினார். 1382இல் எகிப்துக்கு வந்து சேர்ந்த இப்னு கல்தூனோ மறுபக்கத்தைப் பார்த்தவர். பாலும் இறைச்சியும் உண்டு தானியம் அரிதாகக் கிடைக்கும் பாலைவனத்தார் உடம்பாலும் அறிவாலும் செம்மையாக இருக்கிறார்கள் என்றும், மிதமிஞ்சி உண்ணும் வளநாட்டார் சதை மூடி மந்தமாகிறார்கள் என்றும், பஞ்சம் வந்தால் நிறைந்த வயிற்றுக்குப் பழகியவர்களே முதலில் மடிகிறார்கள் என்றும் முகத்திமாவில் வாதிடுகிறார். கொழுப்பை அவர் நகரத்தோடும் செல்வத்தோடும் சேர்த்தே பார்த்தார். நான் வாசித்த அளவில் இவர்கள் எவருடைய எழுத்திலும் பருத்த ஏழை ஒருவர் வருவதில்லை.

பாங்கில் நாம் நாள்தோறும் கேட்கும் ‘பலாஹ்’ என்ற சொல்லும், எகிப்திய உழவனைக் குறிக்கும் ‘பல்லாஹ்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒன்றுக்கு வெற்றி என்று பொருள், மற்றதற்கு மண்ணைக் கீறுபவன் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல்லாஹுக்கு வெற்றி எதுவும் வாய்க்கவில்லை. முஹம்மத் அலி பாஷா 1820களில் பரவச் செய்த நீண்ட இழைப் பருத்தி, 1861 – 65 அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பொன் விலை விற்றது. பருத்திக்காக ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. தேங்கிய நீரில் பில்ஹார்ஸியா நோய் பெருகியது. உழுதவனின் தட்டில் சோள ரொட்டிதான் இருந்தது. சோளத்தையே நம்பி வாழ்பவரைப் பிடிக்கும் பெலக்ரா என்ற நோயை, தோல் வெடித்து, வயிறு கழன்று, புத்தி பேதலிக்கும் நோயை, 1890களில் கெய்ரோவின் கஸ்ருல் அய்னி வைத்தியசாலையில் சான்ட்வித் என்ற ஆங்கில வைத்தியர் இனங்கண்டார். அவரிடம் வந்தவர்கள் பல்லாஹ்கள்.

அந்தப் பல்லாஹ்களில் ஒரு கிராமத் தலைவரின் மகன்தான் நம் முன்னோர் அறிந்த அறபி பாஷா. 1882இல் தோற்று, 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கி, 1901 வரை இங்கிருந்தவர். 1892இல் மருதானையில் ஸாஹிரா உருவானபோது சித்தி லெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரோடு சேர்ந்து நின்றவர். அவருடைய துருக்கித் தொப்பியை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். அவர் எந்த வயிறுகளுக்காகக் கிளர்ந்தார் என்பதைப் பற்றி நம் மேடைகளில் அதிகம் பேசக் கேட்டதில்லை.

மறுகரையில் இருந்தவர்கள் பாஷாக்கள். 1952க்கு முன்னர் நில உடைமையாளரில் அரை வீதத்துக்கும் குறைவானோரிடம் பயிர் நிலத்தில் மூன்றிலொரு பங்கு இருந்தது. அந்த ஒழுங்கின் கடைசி உருவம் பாரூக் மன்னர். இளவயதில் அழகனாகச் சிம்மாசனம் ஏறியவர், 1952 ஜூலை 26இல் கப்பலேறி நாடு நீங்கியபோது ஊதிப் பருத்திருந்தார். 1965 மார்ச்சில் ரோமாபுரி உணவகம் ஒன்றில் பெரும் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு மேசையிலேயே சாய்ந்து, 45 வயதில் இறந்தார். மெலிந்த பல்லாஹ், பருத்த மன்னன்: சோபலும் ஸ்டங்கார்டும் கண்டதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது.

இனித்தான் கதை திரும்புகிறது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீட்டை ஜமால் அப்துந் நாஸரின் அரசு விரித்தது. நிலச் சீர்திருத்தம், இலவசக் கல்வி, பட்டதாரிக்கு அரச வேலை, மலிவான ரொட்டி. இவற்றைத் தந்தது அரசு. பதிலுக்கு மக்கள் அரசியலை அரசிடம் விட்டுவிட வேண்டும். எழுதப்படாத உடன்படிக்கை அது. ஆனால் ரொட்டிக்கான கோதுமை எகிப்தின் மண்ணில் போதிய அளவு விளையவில்லை. அமெரிக்கா தன் மிகைக் கோதுமையைச் சகாய விலைக்கு அனுப்பியது. உதவியைக் காட்டி அமெரிக்கா நெருக்கியபோது, நாஸர் 1964 டிசம்பரில் போர்ட் சயீத் நகரில் பேசுகையில், பிடிக்காதவர்கள் போய்க் கடலைக் குடிக்கட்டும் என்றார். கைதட்டல் ஓய்ந்த சில காலத்தில் கோதுமைக் கப்பலும் நின்றது. சாதாத் வந்தார். 1974இல் திறந்த பொருளாதாரம் அறிவித்தார். கப்பல்கள் திரும்பி வந்தன. அன்று முதல் எகிப்து உலகின் மிகப் பெரிய கோதுமை இறக்குமதியாளர்களில் ஒன்றாக இருந்து வருகிறது. அங்கே ஒருவர் ஆண்டுக்கு உண்ணும் கோதுமை உலகச் சராசரியின் இரு மடங்கைத் தாண்டுகிறது.

1977 ஜனவரி 17ஆம் திகதி, சர்வதேச நாணய நிதியத்தின் ஆலோசனைப்படி மா, அரிசி, சீனி, எண்ணெய் முதலியவற்றின் மானியத்தைக் குறைப்பதாகச் சாதாத்தின் அரசு அறிவித்தது. 18ஆம், 19ஆம் திகதிகளில் அலெக்சாந்திரியா முதல் அஸ்வான் வரை நாடு பற்றி எரிந்தது. இராணுவம் தெருவுக்கு வந்தது. ஏறத்தாழ எண்பது பேர் மாண்டார்கள். அறிவிப்பு வாபஸ் பெறப்பட்டது. சாதாத் அதைத் ‘திருடர்களின் கிளர்ச்சி’ என்று அழைத்தார். மக்களோ ரொட்டிக் கிளர்ச்சி என்றார்கள். அரண்மனை வாசலில் ரொட்டியைத் தூக்கிக் காட்டிய அந்தப் பெண் எனக்கு இங்கே மறுபடி தெரிகிறாள்.

நமக்கு இது புதிய கதை இல்லை. 1953இல் கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பிறகு வந்த எல்லா அரசுகளும் அந்த அரிசியைத் தொடப் பயந்தன. 1977க்குப் பின்னர்தான் துணிவு வந்தது. 1979இல் பங்கீட்டு அரிசியின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. அதே ஆண்டுகளில் அமெரிக்கக் கோதுமையும் பாணும் நம் கிராமங்களுக்குள் உறுதியாகக் கால் வைத்தன. எகிப்து போன பாதையில் நாமும் கொஞ்சத் தூரம் போய்விட்டு வேறு பக்கம் திரும்பினோம். எகிப்து திரும்பவில்லை.

அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு எந்த எகிப்திய ஆட்சியாளரும் ரொட்டியின் விலையை வெளிப்படையாகத் தொடத் துணியவில்லை. மறைவாகத் தொட்டார்கள். ஒரு பியாஸ்தர் ரொட்டி கடைகளில் மெல்லக் காணாமற்போய், 1984 அளவில் இரண்டு பியாஸ்தர் ரொட்டி வந்தது. 1989இல் அது ஐந்து பியாஸ்தர். அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் விலை அசையவில்லை. விலைக்குப் பதில் நிறை அசைந்தது. கடைசியாக 2020இல் 110 கிராமிலிருந்து 90 கிராமாக இறங்கியது. மற்ற மானியப் பொருட்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து கழன்று விழுந்தன. ஒரு காலத்தில் பதினெட்டு, இருபது வகை இருந்த பட்டியலில் 1990களின் நடுப்பகுதியில் எஞ்சியவை நான்கு: ரொட்டி, ரொட்டி மா, சீனி, எண்ணெய்.

இந்த நான்கையும் ஒரு தடவை திரும்ப வாசித்துப் பாருங்கள். வயிற்றை நிரப்ப இவை போதும். எலும்புக்கும் குருதிக்கும் வேண்டியது இவற்றில் மிகக் குறைவு. தவிட்டு ரொட்டியோடு சீனி கொட்டிய கறுப்புத் தேநீரையும் சேர்த்தால், இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தும் உடம்பில் சுவறாது. பருப்பும் சோறும் மக்ரோனியும் கலந்த ‘குஷரி’ எகிப்தின் தேசிய உணவு போலாகிவிட்டது. நம் கிச்சடிக்கு அது தூரத்து உறவு என்றும், இந்தியாவிலிருந்து வந்த பிரித்தானியப் படையினரோடு போனது என்றும் பலர் சொல்வர். மலிவானது, வயிறு கனக்கும், நெடுநேரம் பசிக்காது. கூலிக்காரனுக்கு அதுதான் வேண்டும்.

2007இல் அஸ்ஃபவ் என்ற பொருளியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். எகிப்தியத் தாய்மாரின் உடற்திணிவையும் அவர்கள் வாழும் இடங்களின் உணவு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொட்டியும் சீனியும் மலிவான இடங்களில் தாய்மார் பருத்திருந்தார்கள். பழம், பால், முட்டை விலை கூடிய இடங்களிலும் பருத்திருந்தார்கள். இரண்டாவது வாக்கியத்தில்தான் விடயம் இருக்கிறது. முட்டை எட்டாத உயரத்தில் இருந்ததால் கை ரொட்டிக்குப் போனது.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். என் மாணவி ஒருத்தியின் தாய் கிளினிக் போய்வந்து பாடசாலை வாசலில் நின்று அழுதார். சீனி வருத்தம், பிறஷர், பாரமான உடம்பு. கணவர் கூலி வேலை. நிவாரணம் எடுக்கும் குடும்பம். கிளினிக்கில் ஓர் இளம் வைத்தியர் வரிசையில் எல்லோரும் கேட்க ‘வாயைக் கட்டத் தெரியாதா?’ என்று ஏசியிருக்கிறார். அந்தத் தாய் என்னிடம் கேட்டது இதுதான்: “சேர், நான் மூணு நேரமும் புரியாணியா திங்கிறன்? பாணும் பருப்பும் பிளேன்ரீயும்தானே?” எனக்குச் சொல்ல உடனடியாக எதுவும் வரவில்லை. வைத்தியர் சொன்னது மருத்துவத்தில் பிழையில்லை. ஆனால் அவர் பேசியது பாரூக் மன்னரின் பருமனைப் பற்றி. முன்னால் நின்றது வேறொரு பருமன். ஒன்று தெரிவு செய்து உண்டதால் வந்தது, மற்றது தெரிவு இல்லாததால் வந்தது. தராசுக்கு இந்த வேறுபாடு தெரியாது. மனிதருக்குத் தெரிய வேண்டும்.

எகிப்தியத் தாயின் பருமனுக்கு இன்னொரு முகமும் உண்டு. அவளுடைய பிள்ளை குட்டையாக இருக்கிறது. 2008 ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட எகிப்தியப் பிள்ளைகளில் 29 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார்கள். 2005ஐவிட அது கூடிய தொகை. இடையில் நடந்தது என்ன? 2006இல் பறவைக் காய்ச்சல் வந்தது. ஏழை வீடுகளின் கூரைகளிலும் முற்றங்களிலும் பெண்கள் வளர்த்த கோழி, தாரா, புறாக்கள் இலட்சக்கணக்கில் அழிக்கப்பட்டன. பிள்ளையின் தட்டுக்கு வந்த முட்டையும் இறைச்சியும் அந்தக் கூரையிலிருந்துதான் வந்தவை. ஆய்வாளர்கள் சிலர் குட்டையான பிள்ளைகள் பெருகியதை இதனோடு தொடர்புபடுத்துகிறார்கள். எனக்கு அது நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. ரொட்டி அப்படியே இருந்தது, முட்டை போய்விட்டது. ஒரே வீட்டில், ஒரே பாயில், பருத்த தாயும் வளராத பிள்ளையும். மந்தபோசணை என்றால் எலும்பும் தோலும் என்று நாம் வகுப்பில் படிப்பிக்கும் பாடத்துக்கு இது அடங்காது.

வேலையும் மாறியது. நைல் கழிமுகத்துக் கிராமப் பெண்கள் சோள மாவில் வெந்தயம் அரைத்துச் சேர்த்து ‘மெரஹ்ரஹ்’ என்ற ரொட்டியை வீட்டுக் களிமண் அடுப்பில் சுட்டு வந்தார்கள். இடித்தல், பிசைதல், விறகு சுமத்தல் எல்லாம் ஒரு நாள் முழுக்க நீளும் உழைப்பு. மானிய ரொட்டி கிராமத்துக்கு வர அந்த உழைப்பு குறைந்தது. அதற்காக அழ வேண்டியதில்லை. அந்த முதுகுகள் ஓய்வெடுக்கட்டும். ஆனால் அந்த உழைப்பின் இடத்தில் எதுவும் வரவில்லை. நெரிசலான மாடிக் குடியிருப்பில் வாழும் ஒரு பெண்ணுக்கு நடக்க எங்கே இடம்? பூங்கா இருக்கிறதா? இருந்தாலும் ஊர் வாய் விடுமா? இதை எகிப்தைப் பார்த்து மட்டும் கேட்கவில்லை. நம் ஊர்க் கடற்கரை வீதியில் விடியற்காலையில் நடப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

2012இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, ஆசிரியன் என்ற முறையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எகிப்தில் படிப்புக் குறைந்த பெண்களிடையே வசதி கூடக்கூடப் பருமன் கூடியது. உயர்கல்வி பெற்ற பெண்களிடையே அந்தத் தொடர்பு காணப்படவில்லை. காசு மட்டும் வந்த வீட்டில் உடம்பு ஏறியது. காசோடு படிப்பும் வந்த வீட்டில் ஏறவில்லை. படிப்பு என்றால் போசணைப் பாடம் மாத்திரம் என்று நான் நினைக்கவில்லை. வெளியே போகும் வேலை, தன் சம்பளம், பிந்திய கலியாணம், சந்தையில் எதை வாங்குவது என்று சொல்லும் உரிமை எல்லாம் அதற்குள் வரும். 2014இல் கணவன்மாரோடு வாழ்ந்த, வாழ்ந்து பிரிந்த எகிப்தியப் பெண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் மருத்துவக் கணக்கில் மிகுபருமனாய் இருந்தார்கள். நகரத்துக்கும் கிராமத்துக்கும், இருப்பவளுக்கும் இல்லாதவளுக்கும் இருந்த இடைவெளி ஒடுங்கியிருந்தது. பிரேசிலின் தென்கிழக்கு நகரங்களில் 1990களில் வசதியான பெண்கள் மெலியத் தொடங்க, ஏழைப் பெண்கள் பருத்துக்கொண்டு போனதை மொண்டெய்ரோ காட்டினார். எகிப்து இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை. அங்கே பணக்காரர் பெரிதாக மெலியவில்லை, ஏழைகள் எட்டிப் பிடித்தார்கள்.

இதையெல்லாம் வாசிக்கும் சிலர், அப்படியானால் மானியத்தை நிறுத்திவிட்டால் சரிதானே என்று கேட்கக்கூடும். நாணய நிதியத்துக்கு அது இனிப்பாக இருக்கும். 2008இல் உலகக் கோதுமை விலை ஏறி ரொட்டி தட்டுப்பட்டபோது, கெய்ரோவின் வரிசைகளில் நெரிசலிலும் சண்டையிலும் ஆட்கள் இறந்தார்கள். இராணுவத்தின் அடுப்புகளில் ரொட்டி சுட வேண்டி வந்தது. ஐந்து பியாஸ்தர் ரொட்டி இல்லாமல் அந்தக் குடும்பங்கள் ஒரு வாரம் தாண்டியிரா. 2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் எழுந்த கோஷத்தின் முதற்சொல்லும் ‘அய்ஷ்’தான். சுதந்திரமும் சமூக நீதியும் அதற்குப் பின்னால்தான் வந்தன. ரொட்டியைக் கேட்டவர்கள் ரொட்டியை மட்டும் கேட்கவில்லை என்பது அக்கோஷத்தை முழுதாகக் கேட்டவருக்குத் தெரியும்.

2014இல் இலத்திரனியல் அட்டை வந்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஐந்து ரொட்டி. எடுக்காமல் விட்ட ஒவ்வொரு ரொட்டிக்கும் பத்து பியாஸ்தர் வரவு வைத்து, அதற்கு வேறு பொருள் வாங்கலாம் என்று ஒரு வழியும் திறந்தார்கள். என் பார்வையில், ரொட்டிக்கு வெளியே ஏழைக்கு ஒரு தெரிவைக் கொடுத்த முதல் ஏற்பாடு அது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவர் மாதம் முழுதும் ஒரு ரொட்டிகூட எடுக்காமல் விட்டால் அவருக்குச் சேர்வது பதினைந்து பவுண்.

2018 ஒக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை எகிப்திய அரசு நாடெங்கும் மக்களை வரிசையில் நிறுத்திப் பரிசோதித்தது. முதல் நோக்கம் ஈரல் அழற்சி சி. அதுவும் ஒரு சோக வரலாறுதான்: கால்வாய் தந்த பில்ஹார்ஸியாவுக்கு அரசு போட்ட ஊசிகளாலேயே பெருமளவு பரவியது. கூடவே இரத்த அழுத்தம், சீனி, நிறையும் பார்த்தார்கள். ஏறத்தாழ ஐந்து கோடி வளர்ந்தோர் தராசில் ஏறினார்கள். அவர்களில் 39.8 வீதமானோர் மிகுபருமன் உடையோர். பெண்களில் 49.5 வீதம், ஆண்களில் 29.5 வீதம்.

2024 ஜூன் முதலாம் திகதி, அந்த ரொட்டியின் விலை ஐந்து பியாஸ்தரிலிருந்து இருபது பியாஸ்தராக ஏற்றப்பட்டது. ஒன்றைச் சுடத் தமக்கு நூற்றிருபத்தைந்து பியாஸ்தர் செலவாகிறது என்றார் பிரதமர். தெருக்கள் இந்தத் தடவை எரியவில்லை. மானியத்தையே காசாகக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சும் அரசாங்கத்தில் எழுந்தது. அந்தக் காசு முட்டைக்கும் மீனுக்கும் போகுமா, விலைவாசி அதை வழியிலேயே பறித்துக்கொள்ளுமா என்று கெய்ரோவின் பொருளியலாளர்கள் வாதாடினார்கள். வழியிலே பறிபோன அந்த மா மூடையைப் பற்றி மக்ரீஸி எழுதியது அவர்கள் நகரத்தில்தான்.